எட்டு கிராம் தங்கமும் ஒரு சாவியும்

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை நெடுங்காலமாக நடத்திவரும் திட்டங்களில் திருமண உதவித் திட்டமும் ஒன்று. மாற்றுத்திறனாளி ஒருவரை மணப்பவருக்கு 25,000 ரூபாயும் தாலி செய்ய 8 கிராம் தங்க நாணயமும் கிடைக்கும். பட்டமோ பட்டயமோ படித்திருந்தால் தொகை 50,000 ரூபாய். இத்திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை; இதனால் குடும்பம் கண்டவர்கள் பலர். ஆனால் இதன் அடியில் ஒரு பழைய எண்ணம் படுத்திருக்கிறது. கால் விளங்காத பெண்ணை, கண் தெரியாத பெண்ணை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் அவளுக்குப் போக்கிடம் ஆயிற்று, பெற்றவர்கள் நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்பது அது. அந்தப் போக்கிடத்திலேயே அடி விழுந்தால்?

குடும்ப வன்முறைச் சட்டம், வீட்டைவிட்டு ஓடிவரும் பெண் தன் காலால் ஓடிவருவாள் என்று எண்ணி எழுதப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடுகளோ, அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று எண்ணி எழுதப்பட்டவை. இரண்டு எண்ணங்களும் பொய்க்கும் இடத்தில் ஒருத்தி நிற்கிறாள். அவளுக்கு வேண்டியது சில நாள் அடைக்கலமா, ஆள்துணையோடு கூடிய வீடா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பரணில் இருக்கும் கால்

ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவள் கற்பனைதான், அவளைச் சுற்றியுள்ள பொருள்கள் எல்லாம் நிஜம். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். சிறு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலிப்பர் மாட்டிக்கொண்டு நடக்கிறாள். அரசு கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டர் இருக்கிறது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறுகிறது.

சண்டை வந்த அன்று இரவு கணவன் காலிப்பரை எடுத்துப் பரணில் போட்டுவிடுகிறான். ஸ்கூட்டர் சாவி அவன் சட்டைப்பையில். ஏடிஎம் அட்டை மாமியாரிடம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பீரோவுக்குள், பீரோ பூட்டியிருக்கிறது. கழிவறை கொல்லைப்பக்கம், நடுவே இரண்டு படி. இனி அவன் கை ஓங்க வேண்டியதே இல்லை. விடியும்வரை அவள் இருந்த இடத்தில்தான் இருந்தாக வேண்டும்.

இது வன்முறை என்பதைச் சட்டம் அறியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 92ஆம் பிரிவு, ஒருவரின் உறுப்புக்கோ புலனுக்கோ துணைக்கருவிக்கோ வேண்டுமென்றே ஊறு செய்வதையும் அதன் பயன்பாட்டில் குறுக்கிடுவதையும் குற்றம் என்கிறது. பொறுப்பில் இருப்பவர் உணவோ நீரோ தர மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டுச் சிறை. காலிப்பரைப் பரணில் போடுவது இதற்குள் அடங்கும். குடும்ப வன்முறைச் சட்டம் 2005இன் பொருளாதாரக் கொடுமை என்ற விளக்கத்துக்குள் ஏடிஎம் அட்டையும் வந்துவிடும். ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் துணைக்கருவி பற்றி ஒரு சொல் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் தங்குமிட ஆணை இல்லை. காவல் நிலைய மேசையில் எழுத்தர் பேனாவைத் திறந்து “அடிச்சானாம்மா, காயம் இருக்கா?” என்று கேட்கும்போது, காலிப்பரை ஒளித்துவைத்ததும் குற்றம்தான் என்று அவளுக்கு யார் சொல்வது?

காது கேளாத பெண்ணின் நிலை இன்னும் நுட்பமானது. 2013ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தம், மாற்றுத்திறனாளிப் பெண்ணின் புகாரை அவள் இருக்கும் இடத்துக்கே போய், சைகைமொழி பெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ உடன்வைத்து எழுத வேண்டும் என்றது. அதைப் படம்பிடிக்கவும் சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது பாலியல் குற்றங்களின் பட்டியலுக்கு மட்டும் பொருந்தும். கணவனும் அவன் உறவினர்களும் செய்யும் கொடுமை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கணவன் அடித்தான் என்று சொல்ல வருபவளுக்கு மொழிபெயர்ப்பவர், பெரும்பாலும் கூடவே வந்த அவன் வீட்டு ஆள். புகாரை மொழிபெயர்ப்பவனே புகாருக்கு உரியவனின் தம்பி என்றால் என்ன எழுதப்படும் என்பதை வாசகர் ஊகிக்கலாம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2018இல் எட்டு மாநிலங்களில் 17 வழக்குகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பாலியல் வன்முறை வழக்குகளில்கூட 2013இன் பாதுகாப்புகள் காகிதத்தைத் தாண்டி வரவில்லை என்பது அதன் சாரம்.

எண்ணிக்கைக்குள் வராதவர்கள்

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 18 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்திய அளவில் 29.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1. கல்வியிலும் சுகாதாரத்திலும் முன்னே நிற்கும் மாநிலம் இதில் தேசிய சராசரியைத் தாண்டி நிற்கிறது. உடல்ரீதியான, பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 விழுக்காட்டினர்தான். நான்கில் மூவருக்கு மேல் வாயே திறக்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, அவர்களில் பெண்கள் 1.18 கோடி. தமிழ்நாட்டில் இரு பாலரும் சேர்த்து 11.79 லட்சம். இந்த இரண்டு கணக்கும் சந்திக்கும் புள்ளியில் எத்தனை பேர் என்பது அரசின் குற்றப் பதிவேடுகளில் தனியாக வருவதில்லை. குடும்பநல ஆய்விலும் அவர்கள் முழுமையாகப் பிடிபடுவதில்லை; காரணம் ஆய்வு முறையிலேயே இருக்கிறது. அது வீடுவீடாகப் போவது. காப்பகத்திலும் பேருந்து நிலையத்திலும் படுத்திருப்பவளை அது சந்திக்காது. வன்முறை பற்றிய கேள்விகளைத் தனிமை கிடைத்தால்தான் கேட்க வேண்டும் என்பது அதன் விதி. விதி சரியானது. ஆனால் குளிக்கவும் எழவும் பிறர் கையை நம்பியிருப்பவளுக்குத் தனிமை ஏது?

கைக்குக் கிடைக்கும் சிறு ஆய்வுகள் காட்டும் படம் கலவரமூட்டுகிறது. ஒடிசாவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட மாற்றுத்திறனாளிப் பெண்கள் ஏறக்குறைய அனைவருமே வீட்டில் அடிவாங்கியிருந்தார்கள். அறிவுசார் குறைபாடுள்ள பெண்களில் 25 விழுக்காட்டினர் வன்புணர்வுக்கு ஆளாகியிருந்தார்கள். இருபதாண்டு கழிந்த பிறகும் இந்தியாவில் இதைப் பேசுபவர்கள் அந்த ஆய்வையே மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு இணையாக இன்னொன்றை நடத்த அரசுக்குத் தோன்றவில்லை என்பதும் ஒரு தரவுதான்.

மூன்று துறைகள், மூன்று கதவுகள்

நம் விழுப்புரத்துப் பெண் எப்படியோ வெளியே வந்துவிட்டாள் என்று கொள்வோம். மகளிர் உதவி எண் 181க்கு அழைக்கிறாள். ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். 2015இல் நிர்பயா நிதியில் தொடங்கிய இம்மையங்களில் மருத்துவம், காவல், சட்ட உதவி, உளவியல் ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். தங்கவும் இடம் உண்டு. எத்தனை நாள்? அதிகபட்சம் ஐந்து.

ஐந்து நாளில் ஒருவர் புது இடத்துக் கழிவறைக்குப் போகவே பழகியிருக்க மாட்டார். அதன் பிறகு மகளிர் காப்பகம். சுவாதார் கிரே என்று இருந்து, 2022இல் மிஷன் சக்தியின்கீழ் சக்தி சதன் என்று பெயர் மாறியவை இவை. சுவாதார் கிரே விதிகளில் குடும்ப வன்முறைக்கு ஆளானவர் ஓராண்டுவரை தங்கலாம் என்று இருந்தது. அந்த ஓராண்டில் தொழில் கற்று, வேலை தேடி, வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட வேண்டும் என்பது கணக்கு. திடகாத்திரமான பெண்ணுக்கே இது இறுக்கமான கெடு.

கெடுவுக்கு முன்னால் படி இருக்கிறது. பொதுக் கட்டடங்களை எல்லாரும் அணுகும்படி மாற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டம் விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டு கொடுத்தது. விதிகள் 2017இல் வந்தன. கெடு 2022இல் முடிந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த விதிகளில் ஒன்று கட்டாயத்தைப் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்கிறது என்று கூறி அதைச் செல்லாது என்றது. மீற முடியாத தரநிலைகளை வகுக்க உத்தரவிட்டது. காப்பகங்களில் பல வாடகைக் கட்டடத்தில் நடப்பவை. மாடிப்படி, குறுகலான கதவு, இந்தியக் கழிவறை. சக்கர நாற்காலியில் வருபவளை ‘வேண்டாம்’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, கட்டடமே சொல்லிவிடும்.

இங்கேதான் துறைகளின் எல்லைக்கோடு தெரிகிறது. மகளிர் காப்பகம் சமூக நலத் துறையிடம். மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லம் இன்னொரு துறையிடம். மனநல மருத்துவமனை சுகாதாரத் துறையிடம். முதல் கதவில், “எங்களிடம் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் கேளுங்கள்” என்பார்கள். இரண்டாம் கதவில், “இது குடும்ப விவகாரம், வழக்கு நிலுவையில் இருக்கிறது” என்பார்கள். அவள் ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுதாளானால் மூன்றாம் கதவுக்குக் கைகாட்டுவார்கள். ஒருத்தி ஒரே நேரத்தில் அடிபட்ட மனைவியாகவும் மாற்றுத்திறனாளியாகவும் வீடற்றவளாகவும் இருக்கலாம் என்பதற்கு அரசுப் படிவத்தில் கட்டம் இல்லை.

சட்டம் தரும் கூரை

ஏன் அவள்தான் வெளியேற வேண்டும்? 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிரே இந்தக் கேள்விதான். 17ஆம் பிரிவு, சொத்துரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. 19ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் கணவனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம். அல்லது அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை கட்டவோ உத்தரவிடலாம். மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். பழகிய வீட்டில் கண் தெரியாதவளுக்கு எத்தனை அடியில் அடுப்பு, எங்கே திரும்பினால் குழாய் என்பது தெரியும். வீட்டை இழப்பது அவளுக்குப் பார்வையை இரண்டாம் முறை இழப்பது போல.

நீதிமன்றம் இந்த உரிமையை ஒருமுறை சுருக்கி, பிறகு விரித்தது. 2006இல் பத்ரா வழக்கில், மாமனார் மாமியார் பெயரில் உள்ள வீடு பகிர்ந்து வாழ்ந்த வீடு ஆகாது என்ற தீர்ப்பு வந்தது. கூட்டாக வாழும் நம் ஊரில் அது பல பெண்களின் கூரையைப் பிடுங்கியது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே வாழ்ந்த பெண்ணுக்குக் குடியிருப்பு உரிமை உண்டு என்பதே இன்றைய நிலை. இச்சட்டம் மனைவிக்கு மட்டும் உரியதும் அன்று. அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கும் மணமாகாத மாற்றுத்திறனாளித் தங்கையும் இதன்கீழ் வழக்குப் போடலாம்.

தங்கையின் கதையில் இன்னொரு முடிச்சு உண்டு. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005இல் நாடு முழுவதற்குமான சட்டமும் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தன. அந்தப் பங்கு பத்திரப்பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரமாக மாறிப் போய்விடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். “உன்னைக் கடைசிவரை நான் பார்த்துக்கிறேன்” என்ற அண்ணனின் வாக்குக்கு விலையாக அவள் கைநாட்டு வைக்கிறாள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, துணைநிற்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் நலன் மோதும் பணப் பரிமாற்றத்தில் துணைநிற்பவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. அதாவது, பங்கை எழுதி வாங்கும் அண்ணனே அவளுக்கு வாசித்துக் காட்டுபவனாக இருக்கக் கூடாது. பதிவாளர் இதைக் கேட்டாலே பல பத்திரங்கள் நின்றுவிடும்.

ஆனால் சட்டம் தரும் கூரைக்கும் ஒரு குறை. கணவனை வெளியேற்றிவிட்டால், காலையில் அவளைத் தூக்கி உட்கார வைப்பது யார்? அடித்தவனும் அவனே, தண்ணீர் எடுத்துக் கொடுத்தவனும் அவனே. பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றும் ஆணையை 19ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. ஆகவே கொடுமை செய்வது மாமியார் என்றால், அந்த வீட்டிலேயே தங்க நினைப்பவள் அவளோடு ஒரே கூரையின் கீழ்தான் இருந்தாக வேண்டும். ஆள்துணை இல்லாத வீட்டு உரிமை அரைகுறை உரிமை.

தெருவில் ஐந்து பேர், ஒரு வீடு

இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டிய முயற்சி ஒன்று சென்னையிலேயே நடந்திருக்கிறது. தெருவில் மனநலம் குலைந்து அலைந்த ஒரு பெண்ணுக்கு இடம் தேடி அலைந்து, எங்கும் கிடைக்காத அனுபவத்திலிருந்து, வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய அமைப்பு ‘தி பான்யன்’. வீடற்று, மனநலப் பாதிப்போடு இருந்த பெண்களே அதன் முதல் கவனம்.

வன்முறை, மனநோய், தெரு ஆகிய மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். அடிவாங்கி அடிவாங்கி ஒருத்தி நிலைகுலைகிறாள். ‘பைத்தியம்’ என்ற பெயர் விழுகிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் குணமாகாத மனநோய் மணவிலக்குக்கு ஒரு காரணம். புகுந்த வீடு கைவிட, பிறந்த வீட்டில் அண்ணி முகம் சுளிக்க, ஒரு நாள் ரயிலிலோ தர்காவிலோ கோயில் மண்டபத்திலோ விடப்படுகிறாள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் வெந்து மடிந்தார்கள். குடும்பம் கொண்டுவந்து விட்டுப்போனவர்களுக்கு நாடு வைத்திருந்த போக்கிடம் அப்படி இருந்தது.

பான்யனில் சிகிச்சை பெற்றுத் தேறிய பலர் வீடு திரும்பினார்கள். ஆனால் திரும்ப வீடே இல்லாதவர்கள், திரும்பினால் மறுபடி அடிவிழும் என்பவர்கள் ஆண்டுக்கணக்கில் இல்லத்திலேயே தங்கிப்போனார்கள். அவர்களுக்காக 2015 வாக்கில் வந்தது ‘ஹோம் அகெயின்’. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு. ஒருவரை ஒருவர் தேர்ந்துகொண்ட நான்கைந்து பேர் சேர்ந்து குடியிருப்பார்கள். உள்ளூர்ப் பெண்கள் பயிற்சி பெற்றுத் துணையாளராக உடன் இருப்பார்கள். தேவை குறையக் குறைய அவர்கள் வருகையும் குறையும். பெயர்ப்பலகை இல்லை, வாயிற்காவல் இல்லை, நன்கொடையாளர் வந்து வரிசையில் நிறுத்திப் பார்ப்பதில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் இதில் வியப்பு ஒன்றும் இல்லை. வித்தியாசம் அடுக்களையில் இருக்கிறது. காப்பகத்தில் மணி அடித்தால் தட்டில் விழுவது சாப்பாடு. இங்கே இன்று சாம்பாரா, காரக்குழம்பா என்று நான்கு பேர் வாக்குவாதம் செய்கிறார்கள். ஒருத்தி கடைக்குப் போய்க் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எடுக்கிறாள். பத்தாண்டாகத் தன் உணவைப் பற்றி எந்த முடிவும் எடுக்காத ஒருவருக்கு அந்தக் கத்தரிக்காய் சாதாரணப் பொருள் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 ஜூனில் வெளியிட்ட சமூக மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டுதலில், உலகெங்கும் தேர்ந்தெடுத்த முன்மாதிரிகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது.

முதலில் வீடு, மற்றவை அதன் பிறகு என்பது இதன் அடிப்படை. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய முயற்சியிலும் இதே எண்ணம்தான். குணமானால் வீடு, ஒழுங்காக இருந்தால் வீடு என்று படிப்படியாகத் தகுதி கேட்காமல், வீட்டைக் கொடுத்துவிட்டுத் துணைநிற்பது. நம் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 19ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. கைகால் குறைபாடுள்ள, பார்வையற்ற, காது கேளாத பெண்களுக்கு இதே வடிவத்தை ஏன் நீட்டக் கூடாது? சமூகத்தில் வாழும் உரிமையையும் ஆள்துணை பெறும் உரிமையையும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அவர்களுக்கும் கொடுத்திருக்கிறதே.

கடமை என்று எழுதிய நாடுகள்

இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், வன்முறையால் வீடிழந்தவருக்கு வீட்டு உதவியில் முன்னுரிமை தானாகவே உண்டு என்று ஆக்கியது. அதற்கு முன்பு, தான் மற்றவர்களைவிட நலிந்தவர் என்று அவர் நிறுவ வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அரசு உதவிபெறும் குடியிருப்பில் இருப்பவரை, அவர் வன்முறைக்கு ஆளானார் என்ற காரணத்துக்காக வெளியேற்ற முடியாது. பாதுகாப்பான வேறு வீட்டுக்கு அவசர மாற்றம் கேட்கலாம். அங்கும் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் நீளம்தான், சக்கர நாற்காலி நுழையும் காப்பகம் குறைவுதான். இருந்தாலும் வீடு என்பது அங்கே சட்டத்தில் எழுதிய கடமை. இங்கே அது காப்பாளரின் மனது.

செய்யக்கூடியவை

புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். இருப்பவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் போதும். குடும்ப வன்முறைப் பாதுகாப்பு அலுவலர் எழுதும் அறிக்கையில் மாற்றுத்திறன் பற்றிய ஒரு கட்டமும், துணைக்கருவி யாரிடம் இருக்கிறது என்ற ஒரு கேள்வியும் சேர வேண்டும். தங்குமிட ஆணையோடு ஆள்துணைக்கான ஏற்பாடும் அதே நாளில் போக வேண்டும். சைகைமொழிப் பெயர்ப்பாளர் கட்டாயம் என்ற விதி கணவனின் கொடுமைக்கும் விரிய வேண்டும். உதவித்தொகைக் கணக்கை அவள் மட்டும் இயக்கும்படி மாற்ற ஒரு விண்ணப்பம் போதும் என்றாக வேண்டும். மாவட்டத்துக்கு இரண்டு மூன்று வாடகை வீடுகள், தரைத்தளத்தில், சாய்தளத்தோடு. பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பின் மேல்மாடியில் ஒதுக்கிவிட்டு லிஃப்ட் நின்றுபோனால் அது வீடு ஆகாது, சிறை.

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவைக் காட்டலாம். எல்லா வீட்டுத் திட்டங்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு ஒதுக்க வேண்டும், அதில் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 2016இலேயே எழுதியாயிற்று. ஆனால் கிராமப்புற வீட்டுத் திட்டங்கள் சொந்த மனைப் பட்டா கேட்கின்றன. பட்டா கணவன் பெயரில், அப்பா பெயரில், அண்ணன் பெயரில். வீட்டைவிட்டு வந்தவளிடம் பட்டா கேட்பது, தப்பித்த வீட்டுக்கே திரும்பிப் போய் வாங்கி வா என்று சொல்வதற்குச் சமம். மனையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்த 5 விழுக்காடு அவளைச் சென்றடையும்.

தமிழில் பெண்ணுக்குப் பிறந்த வீடு உண்டு, புகுந்த வீடு உண்டு. இரண்டும் மூடிக்கொண்ட பிறகு அவள் போகும் வீட்டுக்குப் பெயர் இல்லை. நாம் அதைக் காப்பகம், இல்லம், விடுதி என்கிறோம். அங்கே எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு, கதவுச் சாவி மட்டும் அவள் கையில் இருக்காது. திருமணத்துக்கு எட்டு கிராம் தங்கம் எடுத்துவைக்கும் அரசு, அந்தத் திருமணத்திலிருந்து உயிரோடு வெளியே வருபவளுக்கு ஒரு சாவியையும் எடுத்துவைக்க வேண்டும்.